ரயில்பெட்டியில் எழுதிய பெயர்: நியூயார்க்கின் தொடக்ககால கிராஃபிட்டியும் ஹிப்-ஹாப்பும், சிறார் தாமே நடத்திய ஒரு தொழிற்பயிற்சி

1970-களிலும் 1980-களிலும் நியூயார்க் நகரின் சுரங்க ரயில்பெட்டிகள் உள்ளும் புறமும் வண்ண எழுத்துகளால் நிறைந்திருந்தன. அந்த எழுத்துகளை நகர நிர்வாகம் சீர்கேட்டின் அடையாளமாகவும், கலைக்கூடங்கள் புதுக்கலையின் வரவாகவும், சமூக ஆய்வாளர் சிலர் வறுமையின் குரலாகவும் படித்தனர். மூன்று வாசிப்புகளிலும் உண்மை உண்டு என்றாலும், மூன்றுமே பெரியவர்களின் வாசிப்புகள். எழுதியவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள். ஹிப்-ஹாப் என்று பின்னாளில் உலகம் அழைத்த இசையையும் நடனத்தையும் அதே ஆண்டுகளில், அதே நகரின் பிராங்க்ஸ் பகுதியில் உருவாக்கியவர்களும் ஏறக்குறைய அதே வயதினர். இந்த வயதை ஆய்வின் நடுவில் வைத்துப் பார்க்கும்போது, அங்கே நடந்தது ஒருவகைத் தொழிற்பயிற்சி என்பது புலப்படுகிறது: கற்றுக்கொடுப்போர், கற்போர், படிநிலைகள், கறாரான விமர்சனம், திருட்டுப் பாணிக்கு எதிரான நெறி, ஓய்வுபெறும் வயது என ஒரு தொழிலுக்குரிய உறுப்புகள் யாவும் அதில் இருந்தன. நகரின் நிறுவனங்கள் பின்வாங்கிய காலத்தில், நகரின் உடைமைகளையே கருவிகளாக எடுத்துக்கொண்டு சிறார் தாமே அமைத்துக்கொண்ட அந்தப் பயிற்சி எவ்வாறு இயங்கியது, எதனால் முடிவுக்கு வந்தது, எதை விட்டுச் சென்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நகரம் பின்வாங்கிய ஆண்டுகள்

நியூயார்க்கின் ஐந்து பெரும்பிரிவுகளுள் வடக்கில் அமைந்தது பிராங்க்ஸ். நகரின் கட்டுமானத் திட்டங்களைப் பல பத்தாண்டுகள் தம் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ், குடியிருப்புகளின் ஊடே 1948-இல் தொடங்கிய கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை ஆயிரக்கணக்கானோரை வீடிழக்கச் செய்தது. வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் மிகுந்த வட்டாரங்களுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. வாடகையைவிடக் காப்பீட்டுத் தொகை லாபம் என்று கணக்கிட்ட கட்டட உரிமையாளர் சிலர் தம் கட்டடங்களுக்குத் தாமே தீ வைக்க ஏற்பாடு செய்தனர். அந்த நேரம் பார்த்துச் செலவுக் குறைப்பு என்று நகராட்சி தீயணைப்புப் பிரிவுகள் சிலவற்றை மூடியது. 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 14.7 லட்சமாக இருந்த பிராங்க்ஸின் மக்கள்தொகை 1980-இல் 11.7 லட்சமாகச் சுருங்கியது. 1975-இல் நகராட்சியே திவாலாகும் நிலைக்கு வந்தபோது ஆசிரியர்கள் பெருமளவில் வேலை இழந்தனர். பள்ளிகளில் ஓவியம், இசை போன்ற பாடங்களே முதலில் வெட்டுக்கு உள்ளாயின. ஏறத்தாழ 130 ஆண்டுகளாகக் கட்டணம் வாங்காமல் கற்பித்துவந்த நகரப் பல்கலைக்கழகம் 1976-இல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது.

தெருவில் சிறாருக்கு எஞ்சியிருந்த அமைப்பு கும்பல்தான். பிளாக் ஸ்பேட்ஸ், சாவேஜ் ஸ்கல்ஸ், கெட்டோ பிரதர்ஸ் எனப் பல கும்பல்கள் தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஒரு கும்பலின் சட்டையை அணிந்தவர் மற்றொரு கும்பலின் தெருவில் கால்வைப்பது உயிராபத்து. 1971 டிசம்பரில் கெட்டோ பிரதர்ஸின் சமாதானத் தூதராகச் சென்ற பிளாக் பெஞ்சி என்பவர் கொல்லப்பட்டபோது, பழிவாங்குவதற்குப் பதிலாக அக்கும்பல் மற்றவர்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. ஹோ அவென்யூவில் உள்ள சிறுவர் மன்றத்தில் 8 டிசம்பர் 1971 அன்று எட்டப்பட்ட உடன்படிக்கை வன்முறையை அடியோடு நிறுத்திவிடவில்லை. ஆயினும் வெவ்வேறு வட்டாரத்துச் சிறார் ஒரே பூங்காவில், ஒரே கொண்டாட்டத்தில் கூடுவது மெல்ல மெல்ல இயலக்கூடியதாயிற்று.

இந்தப் பின்னணியை மட்டுமே காரணமாகக் காட்டுவதில் ஓர் இடர் உண்டு. கிராஃபிட்டியில் முன்னோடிகளான சிறார் அனைவரும் எரிந்த தெருக்களிலிருந்து வந்தவர்கள் அல்லர். கிரேக்க, யூத, இத்தாலியக் குடும்பங்களின் பிள்ளைகளும், நிலையான வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைகளும் அவர்களிடையே இருந்தனர். வறுமை சில சிறாரை இதற்குத் தள்ளியிருக்கலாம். எல்லாரையும் இழுத்தது, பிற சிறார் கண்டு மதிக்கும்படி ஒன்றைத் திறம்படச் செய்யும் வாய்ப்பு.

பெயரும் எண்ணும்

கிராஃபிட்டி என்ற சொல் பொதுவாகச் சுவரெழுத்தைக் குறிப்பது. ஆனால் இதைச் செய்தவர்கள் தம்மை ரைட்டர்கள், அதாவது எழுதுபவர்கள் என்றே சொல்லிக்கொண்டனர். ஒரு புனைபெயரைத் தேர்ந்துகொண்டு, அதைத் தனக்கேயுரிய கையெழுத்துப் பாணியில் பொது இடங்களில் திரும்பத் திரும்ப எழுதுவது இதன் அடிப்படை. அந்தக் கையெழுத்துக்கு டேக் என்று பெயர். இவ்வழக்கம் 1960-களின் பிற்பகுதியில் பிலடெல்ஃபியா நகரில் கார்ன்பிரெட் என்ற பெயரில் எழுதிய இளைஞரால் பரவியது. நியூயார்க்கில் ஜூலியோ 204 முதலியோர் தெருவின் எண்ணைப் பெயருடன் சேர்த்து எழுதத் தொடங்கினர். அவ்வழியைப் பின்பற்றியவர், மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் 183-ஆம் தெருவில் வாழ்ந்த கிரேக்க வம்சாவளி இளைஞர் டாக்கி 183. கடிதங்களையும் பொட்டலங்களையும் கொண்டுசேர்க்கும் வேலையில் நகர் முழுதும் சுற்றிய அவர் போன இடமெல்லாம் தம் பெயரை எழுதிவைத்தார். 21 ஜூலை 1971 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்டதும், பெயரை எழுதினால் நகரம் அறியும் என்பது நகரத்துச் சிறார் அனைவருக்கும் தெரிந்த செய்தியாயிற்று.

சுவரிலிருந்து ரயிலுக்கு எழுத்து நகர்ந்தது இந்த வரலாற்றின் தீர்மானமான திருப்பம். சுவரில் எழுதிய பெயரைத் தெருக்காரர்கள்தான் பார்ப்பார்கள். பிராங்க்ஸின் வடகோடியிலிருந்து புறப்பட்டு மன்ஹாட்டனை ஊடுருவி புரூக்ளினில் முடியும் இரண்டாம் எண் ரயிலில் எழுதிய பெயரோ, எழுதிய சிறுவன் கால்வைக்கத் துணியாத வட்டாரங்களுக்கும் சென்று திரும்பும். பிராங்க்ஸில் இந்த ரயில் தெருவுக்கு மேலே தூண்களின்மீது அமைந்த உயர்மட்டப் பாதையில் ஓடியதால், பெட்டியின் பக்கம் முழுவதும் தொலைவிலிருந்தே தெரிந்தது. எந்தப் பாதை நெடுந்தொலைவு உயரத்தில் செல்கிறது, எந்தப் பெட்டிகளின் பக்கங்கள் மடிப்புகளின்றித் தட்டையாக உள்ளன என்பதெல்லாம் ரைட்டர்களுக்கு மனப்பாடம்; நகரின் போக்குவரத்து வரைபடத்தை அவர்கள் தங்கள் பெயர் பயணிக்கும் வழியாகவே கற்றுக்கொண்டார்கள்.

பெயர்கள் பெருகப் பெருக ஒரு தனிப்பெயர் கண்ணில் படுவது அரிதாயிற்று. அந்தப் போட்டியே எழுத்தை வளர்த்தது. சூப்பர் கூல் 223 என்பவர் பிற தெளிப்பான்களின் அகன்ற மூக்கை ஸ்ப்ரே டப்பாவில் பொருத்தினால் கோடு தடிக்கும் என்று கண்டு, 1972-இல் பெரிய அளவில், உள்ளே வண்ணம் நிரப்பிய எழுத்துகளை ரயிலில் வரைந்தார். இப்படிப்பட்ட முழு வேலைப்பாடு மாஸ்டர்பீஸ் என்றும், சுருக்கமாகப் பீஸ் என்றும் வழங்கியது. அதே ஆண்டில் பிராங்க்ஸைச் சேர்ந்த ஃபேஸ் 2 ஊதிய பலூன் போன்ற உருண்ட எழுத்துகளை உருவாக்கினார். அதிலிருந்து எழுத்தின் உறுப்புகளை நீட்டி, வளைத்து, அம்புக்குறிகளால் கோத்து, பழகாத கண்ணுக்குப் பிடிபடாத பின்னலாக்கும் போக்குக் கிளைத்தது. டிரேசி 168 தம் குழுவுக்கு வைத்த வைல்ட் ஸ்டைல் என்ற பெயரே பின்னர் அந்தப் பின்னல் பாணிக்கும் பெயராகியது. ஜன்னலுக்குக் கீழே தொடங்கிய பீஸ், பெட்டியின் அடிமுதல் கூரைவரை வளர்ந்து, பின் பெட்டி முழுவதையும் மூடியது. 1970-களின் பிற்பகுதியில் லீ கினோனெஸும் ஃபேபுலஸ் ஃபைவ் குழுவினரும் பத்துப் பெட்டிகள் கொண்ட ஒரு ரயிலை முழுமையாக வரைந்து முடித்தனர். தனிக்கையெழுத்திலிருந்து முழு ரயிலுக்கு வர இவ்வெழுத்துக்கு ஆறேழு ஆண்டுகளே தேவைப்பட்டன. எந்த ஆசிரியரும் பாடத்திட்டமும் இதற்கு வழிகாட்டவில்லை.

பயிற்சியின் படிகள்

புதிதாக எழுத வருபவருக்கு டாய், அதாவது விளையாட்டுப் பொம்மை என்று இளக்காரமான பெயர். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை நகல் எடுப்பது. கெட்டி அட்டையிட்ட ஓவியக் குறிப்பேடு ஒவ்வொரு ரைட்டரிடமும் இருக்கும். பிளாக்புக் எனப்பட்ட இதில் மூத்தவர்களிடம் ஓர் எழுத்துருவை வரைந்து வாங்குவதும், அதைப் பார்த்து வரைந்து பழகுவதும், தன் முயற்சியைக் காட்டித் திட்டு வாங்குவதும் பாடங்களாயின. மூத்தவர் தாமாகக் கொடுத்த உருவத்தைப் பயன்படுத்தலாம். கேட்காமல் எடுத்தால் அதற்குக் கடித்தல் என்று பெயர், அது அவமானம். மற்றவர் பெயரின்மேல் எழுதுவது சண்டைக்கு அழைப்பு. அப்படியே எழுத நேர்ந்தாலும் கீழே உள்ளதைவிட மேலே வருவது சிறந்த வேலையாக இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. பிறருடைய பீஸ்களை எல்லாம் அவசரக் கிறுக்கலால் மூடிய கேப் என்ற ரைட்டர், 1983-இல் வெளிவந்த ‘ஸ்டைல் வார்ஸ்’ ஆவணப்படத்தில் அனைவராலும் வெறுக்கப்படுபவராகக் காட்டப்படுவது, எழுதாச் சட்டம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்று.

இந்தப் பயிற்சிக்கு ஒரு கூடமும் இருந்தது. பிராங்க்ஸின் 149-ஆம் தெரு கிராண்ட் கான்கோர்ஸ் நிலையத்தில், இரண்டாம், ஐந்தாம் எண் ரயில்கள் வந்துபோகும் நடைமேடையில் இருந்த ஓர் இருக்கை, ரைட்டர்ஸ் பெஞ்ச் என்று பெயர்பெற்றது. பள்ளி விட்டதும் வெவ்வேறு வட்டாரச் சிறார் அங்கே அமர்ந்து, வரும் ஒவ்வொரு ரயிலையும் பார்த்துக் கோட்டின் நேர்த்தி, வண்ணச் சேர்க்கை, எழுத்தின் சமநிலை ஆகியவற்றை அலசினர். நேற்றிரவு செய்த வேலை இன்று மாலை சக தொழிலாளர் முன் தானாக வந்து நிற்கும் என்பதால், விமர்சனத்துக்குத் தப்ப வழியே இல்லை.

ஒரு பீஸ் எவ்வாறு உருவானது என்பதை, ரைட்டர் டோண்டி வைட் 1980-இல் வரைந்த ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’ என்ற பெட்டிகளை வைத்து நெருங்கிப் பார்க்கலாம். புகைப்படக் கலைஞர் மார்த்தா கூப்பர் புரூக்ளினில் ரயில்கள் நிறுத்திவைக்கப்படும் யார்டில் ஓர் இரவு முழுதும் உடனிருந்து அவ்வேலையைப் படமெடுத்துள்ளார். முதலில் குறிப்பேட்டு வரைவைப் பார்த்து வெளிறிய நிறத்தில் எழுத்துகளின் எல்லைக்கோடு பெட்டியில் இழுக்கப்படும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கவும் இடமில்லாத இரு ரயில்களின் இடைவெளியில், பதினைந்து மீட்டருக்கும் நீண்ட பெட்டியின் அளவுக்கு விகிதம் பிசகாமல் அந்த முதற்கோட்டை இழுப்பதே தேர்ச்சி. பிறகு உள்வண்ணங்கள் நிரப்பப்படும். வண்ணத்துக்கு வண்ணம் கரைந்து மாறும் இடங்களில் டப்பாவைச் சுவரிலிருந்து விலக்கித் தெளித்து விளிம்பை மங்கவைப்பர். நிரப்புகையில் முதற்கோடு மறைந்துவிடும் என்பதால், அடர்நிறத்தில் இறுதிக்கோடு மறுபடி இழுக்கப்படும். ஒரு நடுக்கமோ வழிசலோ இருந்தாலும் காலையில் நகரமே பார்க்கும். மேற்பகுதியை எட்ட, இணையாக நின்ற இரு ரயில்களில் ஆளுக்கொரு பக்கமாகக் காலை ஊன்றி டோண்டி நடுவில் தொங்குவதுபோல் நிற்கும் கூப்பரின் படம் புகழ்பெற்றது. 600 வோல்ட் மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளமும், அறிவிப்பின்றி நகரும் ரயில்களும், காவலர்களும் இருந்த இருட்டில் இத்தனையும் நடந்தன. வண்ண டப்பாக்களைக் கடைகளில் திருடுவதும் இந்தத் தொழிலின் வழக்கமே. ராக்கிங் என்ற தனிப்பெயருடன் அதையும் ஒரு திறமையாக இளையவர்கள் கற்றனர். திருட்டையும் உயிரிழப்பையும் மறைத்துவிட்டு இப்பயிற்சியைப் போற்றுவது வரலாறு ஆகாது.

சிறுமியருக்கு இந்தப் பயிற்சியின் வாயில் குறுகலாகவே இருந்தது. பார்பரா 62, ஈவா 62 ஆகியோர் 1970-களின் தொடக்கத்திலேயே எழுதினர். எனினும் இரவில் யார்டுக்குப் போவதற்கு வீட்டிலும் தெருவிலும் பெண்பிள்ளைகளுக்கு இருந்த தடை ஆண்பிள்ளைகளுக்கு இல்லை. ஈக்வடாரில் பிறந்து குவீன்ஸில் வளர்ந்த லேடி பிங்க் 1979-இல் எழுத வந்தபோது, தன் பீஸ்களை ஆண் நண்பர்கள் வரைந்து கொடுக்கிறார்கள் என்ற வதந்தியை முறியடிக்கவே பலமுறை தன் திறனை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவர் படித்த கலை, வடிவமைப்பு உயர்நிலைப் பள்ளியில் ரைட்டர்கள் பலர் பயின்றனர் என்பதும் கவனத்துக்குரியது. முறையான பள்ளி எங்கே கதவைத் திறந்ததோ அங்கே இரு கல்விகளும் ஒன்றையொன்று தொட்டன.

பயிற்சிக்கு முடிவு வயதை வகுத்தது சட்டம். நியூயார்க் மாநிலத்தில் பதினாறு வயது நிரம்பியவர் குற்றவியல் நீதிமன்றத்தில் பெரியவராகவே விசாரிக்கப்பட்டார். அதற்குக் கீழ்ப்பட்டவர் பிடிபட்டால் பெரும்பாலும் எச்சரிக்கையோ பெட்டிகளைத் துடைக்கும் வேலையோ கிடைக்கும். ஆகவே பதினாறை ஒட்டிப் பலர் ரயிலை விட்டு விலகினர். அவர்களின் இடத்துக்கு அடுத்த தலைமுறை மூன்று நான்கு ஆண்டுகளிலேயே வந்து சேர்ந்தது. பாணிகள் அவ்வளவு விரைவாக மாறியதற்கு இந்தக் குறுகிய தலைமுறை இடைவெளியும் ஒரு காரணம்.

இசைத்தட்டில் இட்ட குறி

இதே பயிற்சி முறையை இசையிலும் காணலாம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967-இல் பிராங்க்ஸுக்கு வந்த கிளைவ் கேம்ப்பெல் என்ற கூல் ஹெர்க், 11 ஆகஸ்ட் 1973 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் இசைத்தட்டுகளை ஓடவிட்டார். பள்ளி திறக்கும்முன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க அவருடைய தங்கை சிண்டி ஏற்பாடு செய்த அந்தக் கொண்டாட்டத்துக்குப் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாடகர் குரல் அடங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிப் பகுதிக்கு பிரேக் என்று பெயர். ஆடுபவர்கள் அதற்காகவே காத்திருப்பதைக் கவனித்த ஹெர்க், நாளடைவில் ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்தட்டுகளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதைத் தொடங்கி, நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். பிரேக்கில் ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் எனப்பட்டனர்.

ஹெர்க் ஊசியைக் கண்திட்டமாகவே வைத்தார், தாளம் தப்புவதுண்டு. அதைத் துல்லியமாக்கியவர் பார்படோஸில் பிறந்த ஜோசப் சாட்லர் என்ற கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்த அவர், ஒரு தட்டு ஒலிபெருக்கியில் ஓடும்போதே மற்றதைத் தன் காதில் மட்டும் கேட்க உதவும் சுவிட்சைத் தாமே பொருத்திக்கொண்டார். பிறகு பிரேக் தொடங்கும் இடத்தை இசைத்தட்டின்மீது குறியிட்டு, வட்டத்தைக் கடிகார முகமாகக் கொண்டு, பிரேக் எத்தனை சுற்று ஓடியதோ அத்தனை சுற்று கையால் பின்னோக்கிச் சுழற்றினால் ஊசி மீண்டும் தொடக்கத்துக்கே வந்து நிற்கும் என்று கணக்கிட்டார். ஓடும் தட்டில் விரல் வைக்கக் கூடாது என்பது அன்று எல்லா வீடுகளிலும் இருந்த கட்டளை. அதை மீறியதில்தான் இந்தக் கலை பிறந்தது. ஃபிளாஷுடன் பழகிய சிறுவன் கிராண்ட் விசார்ட் தியோடர், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தெழுப்பும் கீறலொலியையே தாளக்கருவியாக்கினார்; அது ஸ்கிராட்ச் எனப்பட்டது. ஹெர்க்கிடமிருந்து ஃபிளாஷுக்கும் ஃபிளாஷிடமிருந்து தியோடருக்கும் நுட்பம் சில ஆண்டுகளுக்குள் கைமாறியது.

பூங்காக்களில் நடந்த கொண்டாட்டங்களுக்குத் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தனர். எந்த இசைத்தட்டு என்று போட்டியாளருக்குத் தெரியாமலிருக்க அதன் நடுவில் ஒட்டிய பெயர்ச்சீட்டை ஊறவைத்து உரித்தனர். நகரத்தின் பொருளைத் தன் பயனுக்குத் திருப்பிக்கொள்வது, முறையைக் காத்துக்கொள்வது, பார்வையாளர் நடுவே நேருக்கு நேர் போட்டியிட்டுத் தரத்தைத் தீர்மானிப்பது என்ற மூன்றும் ரயிலெழுத்துக்கும் இசைக்கும் நடனத்துக்கும் பொதுவாக இருந்தன.

ஒரே பண்பாடா?

இப்பொதுமை பற்றி ஆய்வாளரிடையே நீண்ட விவாதம் உண்டு. தட்டிசை, ராப் எனப்படும் சொல்லிசை, நடனம், கிராஃபிட்டி என்ற நான்கும் ஹிப்-ஹாப்பின் நான்கு கூறுகள் என்பது இன்று பாடநூல் கருத்து. ஆனால் ரயிலெழுத்து ஹெர்க்கின் கொண்டாட்டத்துக்கு முன்பே தழைத்திருந்தது. தொடக்ககால ரைட்டர்களில் பலருக்கு ராக் இசையே உயிர். மேற்சொன்ன டோண்டியின் பெட்டிகளுக்குப் பெயர் தந்ததும் பிளாக் சப்பத் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பாட்டுத்தான். நான்கையும் ஒரே பண்பாடாக இணைத்துக் காட்டியதில் 1980-களின் தொடக்கத்தில் ரைட்டர் ஃபேப் ஃபைவ் ஃபிரெடி, இசைத்தட்டுக் கலைஞர் (டி.ஜே.) ஆஃப்ரிக்கா பம்பாட்டா ஆகியோரின் முயற்சிக்கும், சார்லி ஆஹெர்ன் இயக்கிய ‘வைல்ட் ஸ்டைல்’ திரைப்படத்துக்கும், 1982 நவம்பரில் ரைட்டர்கள், ஆடுபவர்கள், டி.ஜே.க்கள் ஒன்றாக ஐரோப்பாவுக்கு மேற்கொண்ட கலைப்பயணத்துக்கும் பெரும் பங்குண்டு.

எனினும் அந்த இணைப்பை முற்றிலும் செயற்கை என்று தள்ளிவிடவும் முடியாது. கூல் ஹெர்க் இசைக்கு வருமுன் ரைட்டராக இருந்தவர். ஃபேஸ் 2 பிற்காலத்தில் ஹிப்-ஹாப் நிகழ்ச்சிகளுக்கான துண்டறிக்கைகளை வடிவமைத்தார். ஒரே பள்ளிகளில், ஒரே ரயில்களில், ஒரே அடுக்ககங்களில் வளர்ந்த சிறாரிடையே இந்தக் கலைகள் ஒன்றையொன்று அறிந்தே வளர்ந்தன. இவற்றை இணைத்த கயிறு இசை ரசனை அன்று. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த பயிற்சி முறையே.

நகரத்தின் பதில்

பொதுக்கட்டடங்களில் திறந்த ஸ்ப்ரே டப்பாவை வைத்திருப்பதே குற்றம் என்ற சட்டத்துக்கு மேயர் ஜான் லிண்ட்சே 1972 அக்டோபரில் ஒப்பமிட்டார். 1973-இல் ரயில்பெட்டிகள் அனைத்துக்கும் புதுவண்ணம் பூசப்பட்டது. விளைவு எதிர்மாறாக அமைந்தது: பழைய கிறுக்கல்கள் மறைந்து வெற்றிடம் கிடைத்ததும், அடுத்த ஆண்டுகளில் முன்னிலும் பெரிய பீஸ்கள் தோன்றின. 1977-இல் கோனி ஐலண்ட் யார்டில் தொடங்கிய ரசாயனக் கழுவல் எழுத்துகளை மங்கலான கறையாக்கியது. ரைட்டர்கள் அதை பஃப் என்று பெயரிட்டு வைதனர், மேலும் எழுதினர். 1980-களின் தொடக்கத்தில் மேயர் எட்வர்ட் காச் ஆட்சியில் யார்டுகளைச் சுற்றி முள்கம்பி வேலிகளும் நாய்களும் வந்தன.

இதனிடையே கிராஃபிட்டி ஒரு கொள்கை விவாதத்தின் மையமாயிற்று. எழுத்தால் மூடிய பெட்டியில் அமரும் பயணி, யாராலும் கட்டுப்படுத்த இயலாத இடத்தில் தான் சிக்கியிருப்பதாக உணர்கிறார் என்று சமூகவியலாளர் நேதன் கிளேசர் 1979-இல் வாதிட்டார். ஜேம்ஸ் கியூ. வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982-இல் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதிய உடைந்த ஜன்னல் கோட்பாடு, சிறு ஒழுங்கீனங்களைக் கண்டும் காணாமல் விட்டால் பெருங்குற்றங்களுக்கு அதுவே அழைப்பாகும் என்ற கருத்தை அதிலிருந்து வளர்த்தெடுத்தது. பயணிகளின் அச்சம் கற்பனையன்று; ஜன்னல் வழியே நிலையத்தின் பெயரைப் படிக்க முடியாத முதியவருக்கு எழுத்தின் அழகு ஆறுதல் தராது. ஆனால் சிறு குற்றங்களைக் கடுமையாக நடத்தும் அணுகுமுறைக்கு வேறொரு விலையும் இருந்தது. 1983 செப்டம்பரில் சுரங்க ரயில் நிலையத்தில் எழுதியதாகக் கைதான மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர், போக்குவரத்துக் காவலர்களின் பிடியில் நினைவிழந்து, மீளாமலே இறந்தார். வழக்கில் நிறுத்தப்பட்ட காவலர்கள் 1985-இல் விடுவிக்கப்பட்டனர்.

ரயிலெழுத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது தண்டனை அன்று என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. 1984-இல் நகரின் ரயில் நிர்வாகத் தலைவராகப் பொறுப்பேற்ற டேவிட் கன், ஒருமுறை சுத்தம் செய்த பெட்டி எழுத்துடன் மறுபடி ஓடக் கூடாது என்று விதித்தார். எழுதப்பட்ட பெட்டி உடனே நிறுத்தப்பட்டுத் துடைக்கப்பட்டது. பாதை பாதையாக இத்திட்டம் விரிந்தது. துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளும் புதிதாக வந்தன. ஓர் இரவு உயிரைப் பணயம் வைத்து வரைந்த பெட்டி காலையில் பெஞ்சின் முன்னே வரவே வராது என்றானபின், அது கூலியே இல்லாத வேலையாகிவிட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் எழுத்துள்ள கடைசிப் பெட்டி 12 மே 1989 அன்று சேவையிலிருந்து நீக்கப்பட்டதாக நிர்வாகம் அறிவித்தது. வேலியும் நாயும் சாதிக்காததை, பார்வையாளரை அகற்றும் ஒரு விதி சாதித்தது. அவ்வகையில் இப்பயிற்சியின் பொருளாதாரத்தை முதலில் சரியாகக் கணித்த பெரியவர் டேவிட் கன் என்று சொல்லலாம்.

பயிற்சி விட்டுச் சென்றது

வளர்ந்தவர்களுக்குத் திறந்த முதல் வழி கலைச்சந்தை. லீ கினோனெஸ், ஃபேப் ஃபைவ் ஃபிரெடி ஆகியோரின் ஓவியங்கள் 1979-இல் ரோம் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1981-இல் பேட்டி ஆஸ்டர் தொடங்கிய ஃபன் கேலரி முதலிய இடங்களில் ரைட்டர்கள் துணியில் வரைந்து விற்றனர். 1983 இறுதியில் புகழ்பெற்ற சிட்னி ஜானிஸ் கேலரியே கிராஃபிட்டிக்குப் பிந்தைய கலை என்ற தலைப்பில் கண்காட்சி நடத்தியது. ஆனால் அமெரிக்கச் சந்தையின் ஆர்வம் சில ஆண்டுகளில் வடிந்தது. ரயில் நகரும்போது கண்ணில் ஓடும் எழுத்தைச் சுவரில் மாட்டிய துணியில் நிறுத்தியபோது அதன் வேகம் போய்விட்டது என்று சிலர் சொன்னது ஒரு காரணம். எந்த வேலை சிறந்தது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை சக ரைட்டர்களிடமிருந்து வாங்குவோரிடம் போனது அதைவிட ஆழமான காரணம். இசையின் பாதை வேறாக அமைந்தது: 1979-இல் வெளியான ‘ராப்பர்ஸ் டிலைட்’ இசைத்தட்டுக்குப் பிறகு சொல்லிசை பெருந்தொழிலாயிற்று, மேடையின் நடுவில் இருந்த டி.ஜே.யின் இடத்துக்கு ஒலிவாங்கி பிடித்தவர் வந்தார்.

பயிற்சி முறை உயிரோடு கடல் கடந்தது வேறொரு வழியில். மார்த்தா கூப்பரும் ஹென்றி சால்ஃபன்டும் எடுத்த புகைப்படங்களின் தொகுப்பான ‘சப்வே ஆர்ட்’ 1984-இல் வெளியானது. ஐரோப்பியச் சிறார் அதைப் பாடநூலாகவே படித்து, ஒவ்வோர் எழுத்தாக நகலெடுத்தனர். 1985-இல் ஜெர்மனியின் மியூனிக் அருகே ஒரு ரயில் முழுவதும் வரையப்பட்டபோது, நியூயார்க்கில் அடங்கிவந்த கலை வேறு கண்டத்தில் அதே படிநிலைகளுடன், அதே டாய், டேக், பீஸ் என்ற சொற்களுடன் வேர்விட்டிருந்தது. எழுத்துகள் அழிந்தாலும் கற்பிக்கும் முறை அழியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சட்டத்தின் பார்வையும் நகர்ந்துள்ளது. குவீன்ஸில் ஃபைவ் பாயின்ட்ஸ் எனப்பட்ட தொழிற்சாலைக் கட்டடத்தின் சுவர்களில் உரிமையாளரின் அனுமதியுடன் வரையப்பட்ட ஓவியங்களை, 2013 நவம்பரில் ஓர் இரவில் அவரே வெள்ளையடித்து மறைத்ததற்காக, 2018-இல் கூட்டாட்சி நீதிமன்றம் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது; மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. ஒருகாலத்தில் அழிப்பதே அரசின் கடமையாக இருந்த எழுத்தை அழித்ததற்கு, இன்று அழித்தவர் ஈடு செலுத்த வேண்டியிருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, அந்தச் சிறாரின் செயலில் சேதமும் திருட்டும் இருந்தன. அதே செயலில் கடும் உழைப்பும் தரக் கட்டுப்பாடும் இருந்தன. இவற்றுள் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் அனைவரும், மேயர்களாயினும் கலை வணிகர்களாயினும், அதைத் தவறாகவே கணித்தனர். இரண்டாவது, பதின்வயதினர் தம்மை ஒத்தவர்களின் மதிப்பைப் பெறுவதற்கு எவ்வளவு கடினமான நுட்பத்தையும் கற்கத் தயங்குவதில்லை. பள்ளியும் நகரமும் அதற்கு மேடை தராதபோது, கையில் கிடைத்ததையே அவர்கள் மேடையாக்கிக்கொள்கிறார்கள். 1989-இல் நியூயார்க் தன் ரயில்களை மீட்டெடுத்தது நியாயமானது. ஆனால் வெட்டப்பட்ட ஓவிய வகுப்பையும் இசை வகுப்பையும் அதே உறுதியோடும் அதே வேகத்தோடும் மீட்டுத் தர அந்நகரம் முனையவில்லை. ஒழுங்கின் வரலாறாகவே இதை எழுத விரும்புவோரும் அந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.